வெள்ளைக் காரில் பச்சை

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன். ஒரு சவர்க்காரக் கட்டி அளவு களிமண்ணைப் பார்த்து மூன்றரை மாதம் வயிறெரிந்தவன் நான்.

என் பெயர் உதயரூபன். தேற்றாத்தீவில் மெயின் றோட்டோரம் வாகனங்களுக்குப் பெயின்ட் அடிக்கிறேன். கார், ஓட்டோ, லொறி, ஆற்றுத் தோணி, வெல்லாவெளிப் பக்கமிருந்து வருகிற, உழவு மிசின் இழுக்கிற பெட்டி, எது வந்தாலும் அடிப்பேன். இருபத்திரண்டு வருசத் தொழில். ஆனால் நான் நின்று தொழில் செய்கிற வளவு என்னுடையதல்ல, என் மனைவி சர்மிலாவின் சீதனம். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்த ஆண்தான் பெண் வீட்டுக்குப் போக வேண்டும், அது வழக்கம். வீடு அவளுடையது, கிணறு அவளுடையது, என் கொட்டிலின் தகரம்கூட மாமா வாங்கிப் போட்டது. எனக்கென்று அங்கே இருந்தது ஒன்றே ஒன்றுதான்: 'பெயின்ட் எண்டால் உதயன்' என்ற பெயர். சர்மிலா நாலு பேருக்கு முன்னால் என்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்வதென்றாலும் அதைத்தான் சொல்வாள்.

அந்தப் பெயரில் கை வைக்கவென்றே அவளுடைய தம்பி சிவதர்சன் கட்டாரிலிருந்து வந்து இறங்கினான்.

சித்திரை வருசம் முடிந்த கையோடு வந்தான். அங்கே பெரிய ஆட்களின் கார்களை மினுக்குகிற இடத்தில் ஆறு வருசம் நின்றவனாம். இங்கேயும் அதையே செய்யப்போகிறானாம். "அக்கா, வளவுல வடக்குப் பக்கத்துல கொஞ்சம் தாங்க" என்றான். இவளும் தலையை ஆட்டினாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளுடைய வளவு, அவளுடைய தம்பி, நடுவில் நான் யார்? ஒரு கிழமைக்குள் என் கொட்டிலுக்கும் அவனுடைய இடத்துக்கும் இடையில் ஒரு தகர வேலி எழும்பிவிட்டது. அவனுடைய பக்கத்தில், றோட்டோரமாக, ஒரு பெரிய வாகை மரம். எதிரே இருக்கிற கடைகளுக்கு வருகிறவர்கள் எல்லாரும் அந்த நிழலில்தான் வாகனத்தை விடுவார்கள். அதனால் அவனுக்கு ஒரு போர்டுகூடத் தேவைப்படவில்லை.

வேலித் தகரத்தில் ஆணி கழன்ற ஓட்டை ஒன்று இருந்தது. முதல் நாளே அதில் கண்ணை வைத்துவிட்டேன். பார்க்காமல் இருக்க முடியுமா என்ன?

அவன் செய்வது இதுதான். காரைக் கழுவி நிழலில் விடுவான். போத்தலில் கரைத்து வைத்திருக்கும் சவர்க்காரத் தண்ணீரை ஒரு முழ அகலத்துக்கு அடிப்பான். பிறகு, கார் தேய்க்கவென்றே செய்து விற்கிற, அவன் கட்டாரிலிருந்து கொண்டுவந்த களிமண்ணில் ஒரு துண்டை உள்ளங்கையில் தட்டையாக்கி, அந்த ஈரத்தின் மேல் வைத்து, அழுத்தாமல், நேராக இழுப்பான். முதல் இழுப்புக்குக் கர்ரென்று ஒரு சத்தம் வரும். ஐந்தாறு தரம் இழுத்ததும் சத்தம் நின்றுவிடும், துண்டு தன்பாட்டில் வழுக்கிக்கொண்டு ஓடும். திருப்பிப் பார்த்தால் பெயின்ட்டில் ஒட்டிக் கிடந்த ஊத்தை முழுக்க அதில் ஏறியிருக்கும். அதை மடித்துப் பிசைந்து சுத்தமான பக்கத்தை வெளியே எடுத்துத் திரும்பவும் தொடங்குவான். கை தவறி நிலத்தில் விழுந்தால் அந்தத் துண்டு குப்பைக்குத்தான், ஒரு மணல் ஒட்டினாலும் காரைக் கீறிவிடுமாம். கடைசியில் மெழுகு பூசுவான். இவ்வளவுதான் வித்தை. இதற்குப் போய் ஊர் வாயைப் பிளந்துகொண்டு நின்றது!

இன்னொரு கூத்தும் உண்டு. வாகனக்காரனின் கையில் ஒரு மெல்லிய பொலித்தீன் ஷொப்பிங் பையை மாட்டிவிட்டு, "தடவிப் பாருங்க" என்பான். வெறுங்கைக்குத் தெரியாத சொரசொரப்பு பையோடு தடவினால் அப்படியே தெரியும். தேய்த்த பிறகு இன்னொரு தரம் தடவச் சொல்வான். தடவினவன் கண்ணை மூடிக்கொண்டு சிரிப்பான். அந்தச் சிரிப்பை நான் இருபத்திரண்டு வருசத்தில் ஒருத்தனுடைய முகத்திலும் கண்டதில்லை.

மற்றவர்கள் போனதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். சாலிஹ் ஹாஜியார் போனதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவர் காத்தான்குடிக்காரர், எங்களுக்கு எதிரே புடவைக் கடை வைத்திருக்கிறார். எட்டு வருசத்துக்கு முன்னால் ஓட்டமாவடியில் எருமை மாடு குறுக்கே பாய்ந்து அவருடைய கார் நெளிந்து வந்தபோது, அதை முழுக்க வெள்ளையடித்துப் புதுக்கார் மாதிரி ஆக்கிக் கொடுத்தவன் நான். அன்றிலிருந்து எங்கே கண்டாலும் 'நம்மட உதயன் தம்பி' என்றுதான் சொல்வார். அதே மனுசன் ஒருநாள் வேலிக்கு மேலால் தலையை நீட்டிக் கூப்பிட்டார்.

"உதயன் தம்பி, கொஞ்சம் இங்க வாங்க. இந்த பொனட்டத் தடவிப் பாருங்க!"

பையை மாட்டித் தடவினேன். கண்ணாடி தோற்றுப்போகும்.

"உங்கட பெயின்ட்டுக்குள்ள இப்பிடியொரு மினுக்கம் ஒளிச்சிக் கிடந்திரிக்கி, பாத்தீங்களா? எட்டு வருசமா நமக்குத் தெரியாமப் போச்சே. தர்சன் தம்பிதான் கண்டு புடிச்சிரிக்கார்."

"நல்லம் ஹாஜியார்" என்றேன். எனக்கு உச்சந்தலை கொதித்தது. அடித்தவன் நானாம், கண்டுபிடித்தவன் இவனாம்!

அன்றைக்கு மத்தியானம் சோற்றைப் போட்டுக்கொண்டே சர்மிலா ஆரம்பித்தாள்.

"இஞ்சாருங்க, தம்பிட கையப் பாத்தீங்களா? அந்தக் களியப் பிசைஞ்சு பிசைஞ்சு பஞ்சு மாதிரி இரிக்கு. ஒரு நாத்தமும் இல்ல."

என் கையைப் பார்த்தேன். தின்னரில் கழுவிக் கழுவிப் பொருக்கு வெடித்த கை. நகத்தில் மூன்று நிறம். தொட்ட சோறெல்லாம் தின்னர் மணக்கிற மாதிரி இருந்தது. "அப்ப அவன்ட கையையே பாத்துக்கொண்டிரு!" என்று கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பினேன். "என்னத்துக்குக் கோவிக்கிறீங்க?" என்று அவள் பின்னால் வந்து கேட்டாள். என்னத்தைச் சொல்ல? உன் தம்பியைப் பார்த்தால் எரிகிறது என்றா?

ஆடி பிறந்தது. தென்மேற்கிலிருந்து வீசுகிற கச்சான் காற்று ஆற்றுப் பக்கமிருந்து நெருப்பை அள்ளிக்கொண்டு வந்தது. அறுவடைக்கு முன் பெயின்ட் அடிக்கவென்று வெல்லாவெளியிலிருந்து இரண்டு உழவு மிசின் பெட்டிகள் வந்திருந்தன. இரண்டுக்கும் பச்சை. கச்சான் காலத்தில் கொட்டிலின் பக்கத் தகரங்களைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் நாங்கள் அடிப்போம், இல்லாவிட்டால் உள்ளே வெந்து சாக வேண்டியதுதான். இந்தப் பக்கத்தில் பெயின்ட் அடிக்கிற எல்லாரும் அப்படித்தான். பெயின்ட் புகை காற்றோடு எழும்பிப் போகும். போனது போனதுதான் என்று அதைப் பற்றி ஒருநாளும் யோசித்ததில்லை.

ஒரு புதன்கிழமை, பத்து மணி இருக்கும். முதல் பெட்டியை முடித்துவிட்டு வழக்கம்போல ஓட்டையில் கண்ணை வைத்தேன். சிவதர்சனின் கைகள் மட்டும்தான் தெரிந்தன. அவன் களிமண்ணைத் திருப்பினான். பார்த்தால், கட்டி பச்சைப்பசேலென்று இருக்கிறது!

எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்ல முடியாது. ஆகா, பெயின்ட்டை உரிக்கிறான்! எந்த வாகனம், யாருடைய வாகனம் என்று பார்க்கிற பொறுமைகூட எனக்கு இல்லை. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நேரே தேத்தண்ணிக் கடைக்குப் போனேன். ஓட்டோக்காரர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள்.

"டேய், அது களிமண் இல்லடா. பெயின்ட் உரிக்கிற சாமான். கட்டி பச்சையாப் போனத என்ட ரெண்டு கண்ணாலயும் கண்டன். ரெண்டு தரம் தேய்ச்சா மூணாந்தரம் வெறுந்தகரம்தான்!"

"மெய்யாவா அண்ண?"

"இருபத்திரெண்டு வருசமா பெயின்ட் அடிக்கிறவன் சொல்றன். மறுகா உங்கட இஷ்டம்."

அவ்வளவுதான் சொன்னேன். மிச்சத்தை ஊர் சொன்னது. வெள்ளிக்கிழமைக்குள் சிவதர்சனிடம் வரவிருந்த நாலு வாகனம் வராமல் நின்றுவிட்டது. சர்மிலா கண்ணைக் கசக்கினாள். "ஆரோ தம்பிட தொழில்ல மண்ண அள்ளிப் போட்டுட்டாங்க. நாசமாப் போவானுகள்" என்று திட்டினாள். நான் இரண்டாந்தரமும் சோறு போட்டுச் சாப்பிட்டேன். நன்றாக இறங்கியது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹாஜியார் காரைக் கொண்டுவந்து வாகை மரத்தடியில் நிறுத்தினார். பின்னாலேயே ஓட்டோக்காரர்கள், கடைக்கு வந்த சனம் என்று ஒரு கூட்டம். சிவதர்சன் முகம் செத்து நின்றான். சர்மிலா முற்றத்தில் விளக்குமாற்றோடு நின்றாள். ஹாஜியார் என்னைக் கூப்பிட்டார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன். இன்றைக்கு இவனுக்கு ஒரு முடிவு என்றுதான் நினைத்தேன்.

"தம்பி, களி பச்சையாப் போனத நீங்க கண்டதெண்டு செல்றாங்க. மெய்தானா?"

"ஓம் ஹாஜியார். கண்ணால கண்டன்."

சொன்னவன் நான்தான் என்பது சர்மிலாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. விளக்குமாறு கீழே விழுந்த சத்தம் கேட்டது. நான் திரும்பவில்லை.

"எப்ப கண்டீங்க?"

"புதன்கிழமை. பத்து மணி போல."

ஹாஜியார் தாடியைத் தடவினார். "புதன்கிழமை பத்து மணிக்கு இதுல நிண்டது என்ட கார்தானே. கதவு நாலும் தேய்க்கக் குடுத்திருந்தன்." கொஞ்சம் நிறுத்தி என் முகத்தைப் பார்த்தார். "என்ட கார் வெள்ளையில்லியா தம்பி? வெள்ளையில இருந்து பச்சை எப்பிடி உரியும்?"

யாரோ கெக்கலித்துச் சிரித்தான்.

"தர்சன் தம்பி, மேல் தட்டு இன்னம் தேய்க்கல்லதானே. எல்லாரும் பாக்கத் தேய்ங்க பாப்பம்" என்றார் ஹாஜியார்.

சிவதர்சன் தண்ணீர் அடித்தான். புதுத் துண்டு ஒன்றை எடுத்துத் தட்டையாக்கினான். இழுத்தான். கர்ரென்றது. ஏழெட்டு இழுப்புக்குப் பிறகு கட்டியைத் திருப்பி எல்லாருக்கும் காட்டினான். பொடிப் பொடியாகப் பச்சை. தேய்த்த இடத்தில் காரின் வெள்ளை முன்னைவிட வெள்ளையாக இருந்தது.

எனக்கு அந்தப் பச்சையைத் தெரியும். எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? மஞ்சள் ஒரு பங்கு கூட்டி நானே கலந்த பச்சை. கொட்டிலைத் திரும்பிப் பார்த்தேன். தகரம் கழற்றிய பக்கம், அங்கிருந்து வேலி, வேலிக்கு அங்கால் வாகை மரம், மரத்துக்குக் கீழே வாகனங்கள். கச்சான் என் முதுகில் அடித்துக்கொண்டிருந்தது. அடக் கடவுளே, இத்தனை வருசமாக மரத்தடியில் நின்ற வாகனங்களுக்கெல்லாம் நான்தான் சொரசொரப்பு ஏற்றியிருக்கிறேன்! இந்தக் கூட்டத்துக்கு அது தெரிந்தால் என் பெயர் இன்றோடு சரி.

"அப்ப இது என்ன பச்சை?" என்று ஹாஜியார் கேட்டார்.

சிவதர்சன் என்னை ஒரு தரம் பார்த்தான். ஒரே ஒரு தரம்தான். அவனுக்கும் தெரியும் என்று அந்தப் பார்வையிலேயே விளங்கிவிட்டது.

"பாசி ஹாஜியார்" என்றான். "மரத்துப் பாசி. ஆத்துக் காத்துல ஈரமிரிக்குத்தானே, மரத்துல இருந்து கொட்டும். அத்தான் தூரத்துல நிண்டு பாத்ததால பெயின்ட் எண்டு நினைச்சிட்டார். அவர்ல பிழையில்ல."

"அப்பிடியா? சரி சரி" என்று ஹாஜியார் தலையாட்டினார். சனமும் தலையாட்டியது. நான் தப்பிவிட்டேன். ஒன்றும் பேசாமல் திரும்பி நடந்திருந்தால் போதும், என் பெயர் என்னிடமே இருந்திருக்கும்.

ஆனால் நான் சர்மிலாவைப் பார்த்துவிட்டேன். என் சட்டையில் தெறித்த பச்சையை மூன்று நாளாகத் தோய்த்தவள் அவள். அவளுக்கு எல்லாம் விளங்கியிருந்தது. புருசன் தம்பியின் பிழைப்பைக் கெடுக்கக் கதை கட்டினான், தம்பி அதே புருசனைக் காப்பாற்றுகிறான். அவள் சிவதர்சனைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அப்படி ஒருநாளும் அவள் என்னைப் பார்த்ததில்லை. கலியாணத்தன்றுகூட இல்லை.

தொழிலை எடுத்தாய், ஹாஜியாரை எடுத்தாய், இப்போது நல்லவன் என்ற பட்டத்தையுமா? அதையும் உனக்கு விட்டுத்தந்துவிட்டு, உன் தயவில் இந்த வளவில் நான் இருக்க வேண்டுமா?

"பாசியுமில்ல மண்ணாங்கட்டியுமில்ல!" என்று கத்தினேன். "அது என்ட பெயின்ட்! நான் அடிச்ச பச்சை!"

கொட்டிலுக்கு ஓடிப்போய்ப் பெயின்ட் டின்னின் மூடியைக் கொண்டுவந்து சிவதர்சனின் கையிலிருந்த கட்டிக்குப் பக்கத்தில் பிடித்தேன். ஒரே பச்சை. "பாருங்க! எல்லாரும் வடிவாப் பாருங்க! தகரத்தக் கழட்டிப்போட்டு அடிச்சது நான். கச்சான் கொண்டுவந்து கொட்டியிரிக்கு. எனக்கு ஒருத்தன்ட பிச்சையும் வேணாம்!"

ஓட்டோக்காரர்களும் சனமும் தங்கள் தங்கள் வண்டிக்கு ஓடித் தடவத் தொடங்கினார்கள். "இஞ்ச நீலம் இரிக்குடா!" என்று ஒருத்தன். "என்ட மோட்டார் சைக்கிள்ல சிவப்பு. போன மாசம் லொறிக்கு அடிச்சாரே, அதுதான்!" என்று இன்னொருத்தன். "பெயின்ட் எண்டால் உதயன்தான்டா. கேக்காமலே அடிச்சு விடுவார்!" என்று ஒருத்தன் சொல்ல, எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "இனிப் பெயின்ட் வேலையெண்டால் கல்முனைக்குக் கொண்டு போவம்" என்று யாரோ சொன்னதும் காதில் விழுந்தது.

ஹாஜியார் கையை உயர்த்திச் சிரிப்பை அடக்கினார். "ஒருத்தன்ட பொழைப்பக் கெடுக்கக் கதை கட்டினது பெரிய பிழை தம்பி. ஆனா இவ்வளவு சனத்துக்கு முன்னால மெய்யச் சொன்னீங்க. அதுக்காகப் பேசாம விடுறன். முதல்ல தகரத்தப் பூட்டுங்க. மறுகா இந்த மரத்தடியில நிக்கிற வாகனம் அவ்வளவையும் நீங்களே தேய்ச்சுக் குடுங்க."

கூட்டம் கலைந்தது. நான் கொட்டிலுக்குள் வந்து தகரத்தைத் தூக்கி ஆணி அடிக்கத் தொடங்கினேன். பெயர் போனது போனதுதான். ஆனாலும் உள்ளே ஒரு மூலையில் நிம்மதி. இவனை வென்றுவிட்டேன் என்ற நிம்மதி. அவன் பொய் சொல்லி நல்லவனாகப் பார்த்தான், நான் உண்மையைச் சொல்லி அவனுக்கும் மேலே போய்விட்டேன்.

சிவதர்சன் பக்கத்தில் வந்து நின்றான். சத்தம் போடாமல்தான் பேசினான், ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டு பேசினான்.

"அத்தான், உங்களுக்கு மண்டையில ஏதுமிரிக்கா? பாசி எண்டு சொன்னன்தானே. பேசாமப் போறதுக்கென்ன?"

"உன்ட பெருந்தன்மைய நீயே வெச்சுக்கொள்" என்றேன்.

"ஆர்ட பெருந்தன்மை? நான் என்ட வேலையக் காப்பாத்தச் சொன்னன்! அக்கா தெற்குப் பக்கம்தான் முதல்ல தாறனெண்டவ. கிணறும் அங்கதான். நான் ஏன் வடக்கைக் கேட்டனெண்டு நினைக்கிறீங்க? சின்ன வயசுல இருந்து இந்தக் கச்சானப் பாக்கிறன். நீங்க அடிப்பீங்க, காத்து கொண்டுவந்து மரத்தடியில கொட்டும், நான் தேய்ச்சு எடுப்பன். வருசா வருசம் எனக்கு வேலை. இப்ப தகரத்தப் பூட்டினா ஆர் வருவாங்க எனக்கிட்ட?"

சுத்தியல் என் கையிலேயே நின்றது.

மூன்றரை மாதம் நான் வயிறெரிந்தது, என் பெயின்ட் தூசியில் சீவித்துக்கொண்டிருந்த ஒருத்தனைப் பார்த்தா? ஒரு நல்லவனைத் தோற்கடிக்கவென்று என் பெயரைக் கொண்டுபோய் நடுறோட்டில் போட்டேன். பார்த்தால், அங்கே நல்லவனே இருக்கவில்லை. எனக்கு அழுவதா அவனைத் தூக்கி அடிப்பதா என்று தெரியவில்லை. அவனும் அதே நினைப்பில்தான் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"என்ன ரெண்டு பேரும் சத்தமில்லாம நிக்கிறீங்க?"

சர்மிலா இரண்டு கோப்பைத் தேத்தண்ணியோடு வந்தாள். கண் சிவந்திருந்தது, ஆனால் முகம் தெளிந்திருந்தது. ஒன்றை அவனிடமும் ஒன்றை என்னிடமும் தந்தாள்.

"தம்பி, உனக்குக் கெடுதல் செஞ்ச அத்தான்ட மானத்தக் காப்பாத்த வேணுமெண்டு பாசி எண்டியே, அந்த மனசு ஆருக்குடா வரும்?" என்று அவனுடைய தலையைத் தடவினாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "இஞ்சாருங்க, நீங்க செஞ்சது பிழைதான். ஆனாலும் மனச்சாட்சிக்குப் பயந்து அவ்வளவு சனத்துக்கு முன்னால சொன்னீங்களே. என்ட புருசன் இப்பிடிப்பட்ட மனிசனெண்டு இவ்வளவு நாளா எனக்கே தெரியாது."

சிவதர்சன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். இரண்டு பேரில் ஒருத்தர் வாயைத் திறந்தாலும் மற்றவனும் சேர்ந்து விழுவான். நாங்கள் திறக்கவில்லை. குனிந்துகொண்டு தேத்தண்ணியைக் குடித்தோம்.

குடிக்கும்போது யோசித்துப் பார்த்தேன். அவள் அவனைத்தான் முதலில் புகழ்ந்தாள்.